துண்டுக்குள் பேசுவது எது, வெளியில் பேசுவது எது?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 31 வயது. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னை நார் மில் இருக்கிறது. அப்பா நடத்தி வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். தேங்காய் மட்டை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறது. நார் பெரும்பாலும் ஆலப்புழைக்குப் போகிறது.

மேஸ்திரி அப்பா காலத்து ஆள். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எதுவானாலும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறார். போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் லோடு அனுப்புவதாக வியாபாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். லாரியும் வந்து நின்றது. மேஸ்திரி ஈர நாரையும் சேர்த்துக் கட்டி ஏற்றிவிட்டார். ஆலப்புழையில் ஈரம் என்று எடையில் கழித்துவிட்டார்கள். கோபத்தில் களத்தில் எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். நான்கு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

அந்த வியாபாரி 4,80,000 ரூபாய் பாக்கி. 75 நாள் ஆகிவிட்டது. போன் செய்தால் "அடுத்த ஆழ்ச சரியாக்காம்", அடுத்த வாரம் சரி செய்துவிடலாம், என்கிறார். எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும், பேசினால் தமிழ் கலந்துவிடும். அதனாலேயே குரல் இறங்கிவிடுகிறது. ஏற்றுகூலி பேச யூனியன்காரர்கள் வந்தாலும் இதே நிலைமைதான். கோயம்புத்தூரில் தலைமைப் பண்பு, பேச்சுத் திறன், பேரம் பேசுதல் மூன்றையும் சேர்த்துச் சொல்லித் தருகிற ஒரு வகுப்பு இருக்கிறது. கட்டணம் 35,000 ரூபாய். சேரலாமா?

— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்:

அன்புள்ள அம்மிணி,

இப்போதைக்குச் சேர வேண்டாம். அந்த வகுப்பைக் குறை சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேசவும், குரலை எழுப்பவும் அங்கே நல்ல பழக்கம் கிடைக்கும். ஆனால் ஆயிரம் மட்டைக்கு உங்கள் மில்லில் எத்தனை கிலோ நார் விழுகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் மேஸ்திரிக்கு மனசு எங்கே நொந்தது என்றும் தெரியாது. உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது இந்த இரண்டும்தான்.

சின்ன வயசில் தாத்தாவோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போவேன். செவ்வாயும் வியாழனும் சந்தை. கேரளத்து வியாபாரிகள் நிறைய வருவார்கள். அங்கே விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தன் கை மேலே போடுவார். வாங்க வந்தவர் அடியில் கையை விடுவார். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. ஒரு விரலுக்கு ஒரு கணக்கு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. மேலே இரண்டு முகமும் கல் மாதிரி இருக்கும், துண்டு மட்டும் லேசாக அசையும். ஒருவர் தலையை ஆட்டிவிட்டுக் கையை உருவிக்கொள்வார். நாலு மாடு தள்ளிப் போய் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருவார். மறுபடியும் துண்டு.

தாத்தா ஒரு ஜோடிக் காளைக்கு அப்படி நாலு தடவை கையை விட்டதைப் பார்த்தேன். வாயைத் திறந்து சொன்னால் என்ன தாத்தா என்று கேட்டேன். "வாயில சொன்னா நாலு பேர் கேப்பாங்க கண்ணு. கேட்ட பொறவு எறங்கி வர முடியாது" என்றார்.

இன்னொன்றையும் அங்கே பார்த்திருக்கிறேன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது, நடக்க விட்டுப் பார்ப்பது, சுழி பார்ப்பது எல்லாம் வெட்டவெளியில், சத்தமாக நடக்கும். பல் எத்தனை என்பதற்குத் துண்டு கிடையாது. மனுஷனுடைய மானமும், அவர் இறங்கி வர வேண்டிய விலையும் துண்டுக்குள். சரக்கு எப்படி, எடை என்ன, எந்தத் தேதி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிய வெளியில்.

இருபத்தாறு வருடமாகச் சிறு தொழில்களுக்குக் கணக்கும் ஆலோசனையும் பார்த்து வருகிறேன். என்னிடம் வருகிற தகராறுகளில் நிறையப் பேர் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருப்பார்கள். நீங்களும்தான். துண்டுக்குள் சொல்ல வேண்டியதைக் களத்தில் சொன்னீர்கள். எழுத்தில் இருக்க வேண்டியதைப் போனில் மெதுவாகப் பேசி விட்டுவிட்டீர்கள்.

முதலில் மேஸ்திரி. கடிதத்தில் ஒரு வரியை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் லோடு என்று வாக்குக் கொடுத்தது நீங்கள். அந்தத் தேதியை மேஸ்திரியிடம் கேட்டுக் கொடுத்தீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, இறங்கிவிட்டால் களத்தில் நார் காயாது என்று அவருக்குத் தெரியாதா? முதலாளி வாக்குக் கொடுத்தாகிவிட்டது, லாரி வாசலில் நிற்கிறது, ஏற்றிவிட்டார். தப்புதான். ஆனால் அதில் பாதி உங்களுடையது. அது அவருக்கும் தெரியும், களத்தில் நார் புரட்டிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திட்டினார்கள் என்பதற்காக மட்டும் நான்கு பேர் நிற்க மாட்டார்கள். நியாயம் இல்லாமல் திட்டினார்கள் என்று பட்டால் நிற்பார்கள்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஆலோசனைக்கு வருவதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். சரக்கு குறைகிறது என்று அவரைப் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால், ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றியிருந்தது என் பிரிவு. மறுநாள் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார். ஆனால் அதற்கப்புறம் அவராக வந்து என்னிடம் எதையும் சொன்னதே இல்லை. எலி கடித்த மூட்டையைக்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கேட்டது பத்துப் பேர் முன்னால், மன்னிப்பு மூடின அறையில். அந்தக் கணக்கு நேராகவே இல்லை.

அதனால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நாளைக் காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்னால், அதே களத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள். மாமா என்று கூப்பிடுவீர்களோ அண்ணா என்று கூப்பிடுவீர்களோ, அப்படியே கூப்பிட்டு, "அன்னிக்கு உங்களைக் கேக்காம தேதி குடுத்தது என் தப்பு. எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டதும் தப்பு." இவ்வளவு போதும். ஈர நாரை ஏற்றினதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அது துண்டுக்குள். மத்தியானம் டீக்கு அப்புறம் ஆபீஸில் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். இனி எந்த லோடுக்கும் அவரைக் கேட்காமல் தேதி கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். நார் காயவில்லை என்று அவர் சொன்னால் லாரி நிற்கட்டும், அந்தக் காத்திருப்பு வாடகை உங்கள் கணக்கு. காய்ந்தது என்று அவர் சொல்லி ஏற்றின பிறகு ஈரம் என்று வந்தால், அது அவர் பொறுப்பு. ஒரு நோட்டுப் போடுங்கள். லோடு தேதி, ஈரப்பதம், அவர் கையெழுத்து.

ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்குங்கள். வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். படித்த பையன் ஒருவனிடம் கொடுத்து அவருக்கு மேலே காவல் வைத்த மாதிரி ஆக்கிவிடாதீர்கள். கட்டுக்குள் கையை விட்டு, சில்லென்று இருந்தால் காயவில்லை என்று சொல்கிற ஆள் அவர். ஒரு கைப்பிடி நாரை முறுக்கி விட்டு, அது விரிந்து எழுகிறதா, முறுக்கினபடியே கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர். பத்து நாள் கையும் மீட்டரும் ஒன்றாகப் பார்க்கட்டும். எந்த அளவில் நிறுத்தலாம் என்று அவரே உங்களுக்குச் சொல்வார்.

அப்பாவிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். அடுத்த தடவை மேஸ்திரி வீட்டுக்கு வரும்போது, "பாப்பாகிட்டக் கேட்டுக்க" என்று அவர் வாயால் வர வேண்டும். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அது ஒரு தடவை போதும். பாப்பா என்று கூப்பிடுவதை மாற்றப் பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்தவர்களையும் பாப்பா என்று கூப்பிடுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள்.

சரி, இனிப் பாக்கிப் பணம்.

வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால், 4,80,000 ரூபாய்க்கு 75 நாளில் 11,800 ரூபாய் சொச்சம் வருகிறது. வியாபாரி கேட்காமலே இதை எடுத்துக்கொண்டார், நீங்கள் கணக்குப் போடாமலே கொடுத்துவிட்டீர்கள். வேறு விதமாகப் பார்த்தால், 75 நாள் தாமதம் என்பது விலையில் இரண்டரை சதவீதம் கரைவது. நார் கிலோ 20 ரூபாய் என்று வையுங்கள், அதில் 50 காசு போயிற்று. ஆக, கிலோவுக்கு 50 காசு குறைத்துக் கேட்டுக் கையோடு பணம் தருகிற ஒருவரும் இவரும் உங்களுக்கு ஒன்றுதான். பணம் வருமா வராதா என்று ராத்திரி விழித்துக் கிடப்பதையும் சேர்த்தால், கையோடு பணம் தருகிறவர்தான் மேல்.

பேரத்தில் தைரியம் இங்கிருந்துதான் வரும். பேச்சு முறிந்தால் மறுநாள் உங்கள் நார் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொள்ளாச்சியிலேயே கயிறு திரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நாரை அழுத்திக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலப்புழைக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு பேரிடம் விலையும் தவணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் அடக்க விலை. பொதுவாக ஆயிரம் மட்டைக்கு 80 முதல் 100 கிலோ நார் வரும். உங்களுக்கு 80-ஆ, 95-ஆ? அந்த 15 கிலோவில்தான் உங்கள் லாபம் உட்கார்ந்திருக்கிறது. நாரைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் தூளும் விழும். அதில் வருகிற பணத்தைக் கழித்தால்தான் நாரின் உண்மையான அடக்க விலை தெரியும். மட்டை விலை, வண்டி வாடகை, கரண்ட், கூலி, மழையில் களம் சும்மா கிடக்கிற நாட்கள், எல்லாம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கடைசியில் வருகிற எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே யார் கேட்டாலும் வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மில்லுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினவர் எழுத்தில் பேசின தவணைக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நேராகக் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இதற்கான அரசு இணையதளத்தில் மனுப் போட்டால் மாநிலத்தில் இதற்கென்று இருக்கிற மன்றம் விசாரிக்கும். பதிவுக்கு முன்னால் அனுப்பின சரக்குக்கு இதைக் கேட்பது சிக்கல், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை, வாங்கினவர் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே இதை அவருக்கு ஞாபகப்படுத்துவார்.

ஆனால் இதையெல்லாம் எடுத்தவுடன் மேசையில் போட்டுவிடாதீர்கள். மடியில் இருக்கட்டும்.

போனை விட்டுவிட்டு நேரில் போங்கள். ராத்திரி சென்னையில் கிளம்புகிற ஆலப்புழை எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாகத்தான் போகிறது. 1859-இல் ஜேம்ஸ் டாராவின் கம்பெனி கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கின ஊர் ஆலப்புழை. நாருக்கு விலை பேசுவது அங்கே பல தலைமுறைப் பழக்கம், அதனால் அந்த வியாபாரி உங்களைவிட நன்றாகவே பேசுவார். பயப்பட வேண்டாம். கேரளத்தில் மட்டை திரட்டுவது குறைந்த பிறகு, அங்கே நிறையத் தறிகள் நம் பக்கத்து நாரை நம்பித்தான் ஓடுகின்றன. உங்களுக்கு அவர் வேண்டும் என்கிற அளவுக்கு அவருக்கும் நீங்கள் வேண்டும்.

உட்கார்ந்ததும் பணத்தைக் கேட்காதீர்கள். "சேட்டா, நம்ம நார் எப்படி இருக்கு?" என்று ஆரம்பியுங்கள். ஈர லோடு பேச்சை அவரே எடுப்பார். ஒத்துக்கொண்டு, நோட்டையும் மீட்டர் கணக்கையும் காட்டுங்கள். தப்பை ஒத்துக்கொண்டவள் பாக்கியைக் கேட்டால் அவரால் பேச்சை மாற்ற முடியாது. பிறகு பாக்கி. "அடுத்த ஆழ்ச" என்பார். "ஏது திவசம்?" என்று கேளுங்கள். நம் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழும், நாக்கு தயங்கும். அவருக்கு அது வெறும் நாள்தான். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இந்தப் பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். எதிரில் ஒருவர் சங்கடப்பட்டால் நாமே தேறுதல் சொல்லிவிடுவோம், "சரி சரி, முடிஞ்சப்பக் குடுங்க" என்று. அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள். அவராக ஒரு தேதி சொல்லட்டும். மொத்தமாக முடியாது என்றால் பாதி இன்றைக்கு, பாதி இன்ன தேதிக்கு. அடுத்த லோடு, முதல் பாதி வந்த பிறகு. விலையைக் குறைக்கச் சொன்னால், காசு குறைகிற இடத்தில் நாளும் குறைய வேண்டும். சும்மா குறைத்துக் கொடுத்தால் அடுத்த தடவையும் கேட்பார்.

இவ்வளவும் அவர் அறையில், தனியாக. வேறு வியாபாரிகளோ அவருடைய ஆட்களோ இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திருங்கள். அவர்கள் எதிரில் கேட்டால், கொடுக்க நினைத்தவரும் முறைத்துக்கொள்வார். பேசி முடித்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். படி இறங்கும் முன்னாலேயே, என்ன தேதி, எவ்வளவு, இனித் தவணை எத்தனை நாள், ஈரப்பதம் எந்த அளவுக்கு மேல் போனால் கழிவு, அதை யார் எதிரில் அளப்பது, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடம் "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். அடுத்த பில்லில் அதே நிபந்தனைகளை அச்சடியுங்கள். இதற்குப் பிறகும் தேதி தவறினால், மடியில் இருப்பதை எடுக்கலாம்.

மலையாளத்தை நினைத்துக் குரலைத் தாழ்த்தாதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாமே இரண்டு பாஷையில்தான் நடக்கிறது. ஆலப்புழைக்காரருக்கு உங்கள் பேச்சு பாலக்காட்டுப் பேச்சு, அவ்வளவுதான். எண் வரும்போது மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

யூனியன் விஷயம் இதைவிடச் சுலபம். அதில் துண்டுக்கே வேலை இல்லை. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர்களுக்கு, அதாவது சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு, 1978-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதியில் ஒத்துக்கொண்ட ஏற்றுகூலிப் பட்டியலை வாங்கி ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடுங்கள். வேலை செய்தவர்களுக்கு அந்தக் கூலியை அன்றன்றே, முகம் சுளிக்காமல் கொடுங்கள். வேலை செய்யாமல் கேட்கிற நோக்குகூலிக்கு 2018 மே 1 முதல் தடை. கேட்டால் சுவரைக் காட்டுங்கள், மீறினால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

அந்த 35,000 ரூபாயை ஒரு வருடம் பேங்கில் போட்டு வையுங்கள். மீட்டரை அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருடமும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். அப்போது உங்களிடம் கேட்பதற்குச் சொந்தக் கேள்விகள் இருக்கும். ஆலப்புழைக்குப் போகிற அன்றைக்கே, பக்கத்தில் கலவூரில் இருக்கிற மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையத்தையும் எட்டிப் பாருங்கள். முடிந்தால் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ரயில் டிக்கெட் உங்கள் செலவு. வியாபாரியின் அறைக்குள் மட்டும் நீங்கள் தனியாகப் போங்கள்.

திரும்பி வந்ததும் எழுதுங்கள். ஆயிரம் மட்டைக்கு எத்தனை கிலோ என்ற கணக்கும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.